சேர்ந்தவர் எத்தனை பேர், பதிவு பெற்றவர் எத்தனை பேர்?

உயர்தரப் பெறுபேறு வெளியானதும் வெள்ளவத்தைக் காலி வீதியின் இரு மருங்கிலும் வெளிநாட்டுக் கல்விக்கான பதாகைகள் பெருகும். கொட்டாஞ்சேனையில் டியூட்டரிகளை அண்டிய மதில்களிலும் அதே விளம்பரங்கள். அவற்றில் பெரிய எழுத்தில் நிற்பது பெரும்பாலும் மருத்துவம். துண்டுப் பிரசுரத்தைக் கையில் வாங்கிப் படித்தால் எல்லாம் இருக்கும்: ஆண்டுக் கட்டணம் டொலரில், விடுதி வசதி, எங்கள் நாட்டுச் சாப்பாடு, தவணைமுறையில் பணம் செலுத்தும் வழி, விமான நிலையத்தில் வந்து அழைத்துச் செல்லும் ஏற்பாடு. 'உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் உள்ள பல்கலைக்கழகம்' என்ற வரியும் தவறாமல் வரும். அந்த வரியை நம்பி வீட்டை ஈடுவைத்தவர்கள் உண்டு. உண்மையில் மருத்துவக் கல்லூரிகளின் உலகப் பட்டியல் என்று இன்று இருப்பது ஒரு விலாசப் புத்தகம் மாத்திரமே. ஒரு கல்லூரியின் பெயர் அதில் இருப்பதால் அதன் தரம் உறுதியாகிவிடாது என்று அந்தப் பட்டியலை நடத்துபவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். பிரசுரத்தில் இத்தனை இருந்தும், ஒரு பெற்றோருக்கு மிக அவசியமான இரண்டு எண்கள் அதில் இருக்காது. இந்தப் பல்கலைக்கழகத்தில் இலங்கையிலிருந்து சேர்ந்த ஒவ்வொரு நூறு பிள்ளைகளிலும் எத்தனை பேர் உரிய காலத்தில் பட்டம் பெற்றார்கள்? பட்டம் பெற்று வந்தவர்களில் எத்தனை பேர் இங்கே வைத்தியராகப் பதிவு பெறுவதற்கான பரீட்சையில் சித்தியடைந்தார்கள்?

இந்த இரண்டு எண்களையும் சொல்லாமல் தொழில்சார் பட்டம் எதையும் இந்த நாட்டில் விற்க இடமளிக்கக்கூடாது என்பதே என் வாதம். வேறு பாடங்களுக்குப் பொருந்தாத ஒரு நிலைமை தொழில்சார் பட்டங்களுக்கு உண்டு. வரலாற்றில் பட்டம் பெற்றவர் பட்டதாரிதான். அதற்கு மேல் யாரும் அவரிடம் அனுமதி கேட்பதில்லை. மருத்துவத்தில் அப்படியில்லை. வெளிநாட்டில் படித்தவரின் பட்டச் சான்றிதழ் எத்தனை அழகாகச் சட்டமிட்டு மாட்டப்பட்டிருந்தாலும், 1927ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இலங்கை மருத்துவ சபையில் பதியப்படும்வரை அவர் இங்கே வைத்தியர் இல்லை. பதிவுக்கு முதலில் அவர் ஈ.ஆர்.பி.எம். என்ற பரீட்சையைத் தாண்ட வேண்டும். முன்னர் 'ஆக்ட் 16' என்று அழைக்கப்பட்ட பரீட்சையின் இன்றைய வடிவம் அது. எழுத்துப் பகுதியும் உண்டு, நோயாளியைப் பரிசோதித்துக் காட்ட வேண்டிய பகுதியும் உண்டு. அதன்பின் தற்காலிகப் பதிவு, அரச வைத்தியசாலையில் ஓராண்டு உள்ளகப் பயிற்சி, பிறகுதான் முழுப் பதிவு. ஆகவே ஐந்தோ ஆறோ ஆண்டுகளும் பல இலட்சம் ரூபாவும் கொடுத்து ஒரு குடும்பம் வாங்குவது உண்மையில் அந்தப் பதிவைத்தான். பட்டம் அதற்கான வழி. அந்த வழியாகப் போனவர்களில் எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்கள் என்று கேட்பது விற்பவரை அவமதிக்கும் கேள்வி ஆகாது. வாங்குபவர் கேட்க வேண்டிய முதற் கேள்வியே அதுதான்.

இப்படிக் கேட்பது எங்கும் நடைமுறையில் இல்லாத ஒன்று என்று நினைப்பவர்களுக்கு அமெரிக்காவின் கைரோபிராக்டிக் கல்லூரிகளைக் காட்டலாம். முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் சரிசெய்து நோவைத் தணிக்கும் இந்தச் சிகிச்சைமுறையை 1895இல் அயோவா மாநிலத்து டேவன்போர்ட் நகரில் டி. டி. பாமர் என்பவர் தொடங்கினார். மருத்துவ உலகம் அதை நெடுங்காலம் ஏற்கவில்லை. அமெரிக்க மருத்துவச் சங்கம் அதைப் புறக்கணித்து நடந்துகொண்டது சட்டவிரோதம் என்று 1987இல் ஒரு நீதிமன்றமே சொல்ல வேண்டி வந்தது. அதன் கோட்பாடுகள் சிலவற்றுக்கு அறிவியல் ஆதாரம் போதாது என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. அந்த வாதத்தில் நியாயம் உண்டு என்பதே என் எண்ணமும். ஆனால் ஒரு விடயத்தில் அந்தத் துறை நம்மைவிட வெகுதூரம் முன்னே நிற்கிறது. அங்கே 1963இல் நிறுவப்பட்ட தேசியப் பரீட்சைச் சபை ஒன்று உரிமத்துக்கான பரீட்சைகளை நடத்துகிறது. கல்லூரிகளுக்கு அங்கீகாரம் வழங்கும் குழு, ஒவ்வொரு கல்லூரியும் தன் இணையப் பக்கத்தில் இரண்டு எண்களைப் பகிரங்கமாகப் போட வேண்டும் என்று விதித்திருக்கிறது. ஒன்று, பட்டம் பெற்று ஆறு மாதத்துக்குள் உரிமப் பரீட்சையின் பகுதிகளில் தோற்றி அவற்றில் எல்லாம் சித்தியடைந்தவர்களின் வீதம். நான்கு ஆண்டுகளைச் சேர்த்துப் பார்க்கும்போது அது 80 வீதத்துக்குக் கீழே போகக்கூடாது. மற்றது, பாடநெறிக்குரிய காலத்தின் ஒன்றரை மடங்குக்குள் படித்து முடித்தவர்களின் வீதம். அதற்கான எல்லை 70. எல்லைக்குக் கீழே போன கல்லூரி அங்கீகாரக் குழுவுக்குப் பதில் சொல்ல வேண்டும். அறிவியல் உலகம் சந்தேகத்தோடு பார்க்கும் ஒரு துறைக்கே இந்த ஒழுங்கு இருக்கும்போது, உயிர்காக்கும் மருத்துவத்தைக் கற்பிப்பதாகச் சொல்லிக் கொழும்பில் ஆள் சேர்ப்பவர்களுக்கு அது இல்லாமல் இருப்பது எந்த வகையில் சரி?

இரண்டு எண்களும் ஏன் சேர்ந்தே வர வேண்டும் என்பதைச் சற்று நின்று பார்ப்பது நல்லது. கணக்குக்காக ஒரு கல்லூரியை எடுத்துக்கொள்வோம். நூறு பேர் சேர்கிறார்கள். முதல் இரண்டு ஆண்டுகளில் உடற்கூற்றியலிலும் உயிர்இரசாயனத்திலும் தடுக்கி, அல்லது பணம் முடிந்துபோய், அல்லது மொழி பிடிபடாமல் நாற்பது பேர் விலகிவிடுகிறார்கள். மிச்சம் அறுபது பேர் பட்டம் பெறுகிறார்கள். அவர்களில் ஆறு பேர் பரீட்சைக்கே தோற்றவில்லை. தோற்றிய ஐம்பத்து நான்கு பேரில் நாற்பத்தெட்டுப் பேர் சித்தி. இப்போது அந்தக் கல்லூரி தன் விளம்பரத்தில் '89 வீதச் சித்தி' என்று போடலாம். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனால் தன் பிள்ளையைச் சேர்க்க வரும் தாய்க்கு வேண்டிய எண் 89 இல்லை; சேர்ந்த நூறில் நாற்பத்தெட்டு என்பதே அவளுக்கு வேண்டிய எண். பரீட்சைச் சித்தி வீதத்தை மட்டும் கேட்டால், பலவீனமான மாணவரை இடையிலேயே கழித்துவிடும் கல்லூரி நல்ல பெயர் வாங்கும். பட்டம் பெற்றவர் வீதத்தை மட்டும் கேட்டால், கட்டணம் கட்டிய எல்லாருக்கும் சான்றிதழ் கொடுத்து அனுப்பும் கல்லூரி நல்ல பெயர் வாங்கும். ஒரு எண்ணை உயர்த்துவதற்காகச் செய்யும் தில்லுமுல்லு மற்ற எண்ணில் வெளிப்பட்டுவிடும். கைரோபிராக்டிக் அங்கீகாரக் குழுவின் விதியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இந்தப் பிணைப்புத்தான். அவர்களுடைய விதியில் சேர்க்க வேண்டியதும் ஒன்று உண்டு. தோற்றியவர்களை வைத்தே அவர்களும் சித்தி வீதத்தைக் கணக்கிடுகிறார்கள். தோற்றாமல் நின்றுவிட்டவர்களின் தொகையையும் நாம் தனியே கேட்க வேண்டும்.

அயலில் இந்தியாவில் நடந்ததையும் பார்க்க வேண்டும். நம் நிலைமைக்கு அது இன்னும் நெருக்கமானது. வெளிநாட்டில் மருத்துவம் படித்துத் திரும்பும் இந்தியர்கள் 2002 முதல் எஃப்.எம்.ஜி.ஈ. என்ற பரீட்சையில் தோற்றுகிறார்கள். முந்நூறு கேள்விகள், 150 புள்ளி எடுத்தால் சித்தி. இந்தியாவின் தேசியப் பரீட்சைச் சபை 2015 முதல் 2018 வரையான தொகுப்பை நாடுவாரியாகவும் கல்லூரிவாரியாகவும் வெளியிட்டபோது பலருக்கு அதிர்ச்சி. தோற்றிய 61,708 பேரில் சித்தியடைந்தவர் 8,764 பேர். நூற்றுக்கு ஏறத்தாழ 14. சீனாவில் படித்துவந்து தோற்றிய 20,314 பேரில் சித்தியடைந்தவர் 2,370 பேர். ரஷ்யாவில் படித்தவர்களில் 13 வீதமளவில். பங்களாதேஷில் படித்தவர்களில் 27 வீதத்தைத் தாண்டியது. அதாவது எல்லா நாடும் ஒன்றில்லை. ஒரே நாட்டுக்குள்ளும் கல்லூரிக்குக் கல்லூரி பெரிய வேறுபாடு தெரிந்தது. 'வெளிநாட்டு மருத்துவப் படிப்பு' என்று மொத்தமாகப் பழிப்பதோ புகழ்வதோ அர்த்தமற்றது என்பதை அந்த அட்டவணை எவர் சொல்வதையும்விடத் தெளிவாகச் சொன்னது. கஷ்டப்பட்டு நன்றாகக் கற்பிக்கும் கல்லூரிக்கு அது ஒரு பாதுகாப்பு. இன்று கொழும்பில் நல்ல கல்லூரியின் முகவரும் மோசமான கல்லூரியின் முகவரும் ஒரே மாதிரிப் பதாகையை ஒரே வீதியில் மாட்டுகிறார்கள். பெற்றோரால் இருவரையும் பிரித்தறிய முடிவதில்லை.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். இந்தியா இத்தனை எண்களை வெளியிட்டும் மாணவர் போவது குறைந்ததா? குறையவில்லை, பரீட்சைக்குத் தோற்றுவோர் தொகை பின்னர் கூடியே வந்தது. எண்களால் என்ன பயன் என்று கேட்டால், நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். எண்கள் மாத்திரம் போதாது. இந்தியாவின் அட்டவணை பல ஆண்டுகளுக்கு ஒருமுறை, கடினமான கோப்பு வடிவில், பெற்றோர் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய இடத்தில் வந்தது. அது ஆள் சேர்க்கும் இடத்தில், கையெழுத்து வாங்கும் நேரத்தில், முகவரின் மேசைமேல் இருக்கவில்லை. குறைந்த வீதம் காட்டிய கல்லூரிக்கு அதனால் உடனடி விளைவு எதுவும் ஏற்படவுமில்லை. 2021 நவம்பரில் இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையம் கொண்டுவந்த விதிகள் 54 மாதப் படிப்பையும், படித்த அதே நிறுவனத்தில் 12 மாத உள்ளகப் பயிற்சியையும் கட்டாயமாக்கின. நல்ல விதிகள், ஆனாலும் அவை படிப்பின் வடிவத்தைப் பற்றியவை, படித்து முடித்தவர் என்ன ஆனார் என்பதைப் பற்றியவை இல்லை. அமெரிக்கக் கைரோபிராக்டிக் விதியில் எண்ணும் எல்லையும் விளைவும் ஒரே சரத்தில் நிற்கின்றன. அந்நாட்டின் சட்டக் கல்லூரிகளுக்கு 2019இல் வந்த விதியும் அப்படித்தான்: பட்டம் பெற்று இரண்டு ஆண்டுக்குள் வழக்கறிஞர் பரீட்சைக்குத் தோற்றியவர்களில் 75 வீதத்தினர் சித்தியடைந்திருக்க வேண்டும், தவறினால் அங்கீகாரம் கேள்விக்குரியதாகும். பிலிப்பீன்ஸில் தாதியர் முதல் பொறியியலாளர் வரை ஒவ்வொரு உரிமப் பரீட்சைக்குப் பிறகும் கல்லூரிவாரியான சித்தி வீதத்தை அரச ஆணைக்குழுவே வெளியிடுகிறது. நம்மைவிடப் பணக்கார நாடு என்று அதைச் சொல்லித் தட்டிக்கழிக்கவும் முடியாது.

'சித்தியடையாதது கல்லூரியின் தவறா, பிள்ளையின் தவறா?' என்பதே முகவர்கள் அடிக்கடி எடுக்கும் அடுத்த வாதம். உயர்தரத்தில் திறமையான பெறுபேறு பெற்ற பிள்ளைகள் உள்நாட்டு மருத்துவ பீடங்களுக்குப் போய்விடுகிறார்கள், எஞ்சியவர்களே எங்களிடம் வருகிறார்கள், அவர்கள் சித்தியடையாவிட்டால் நாங்கள் என்ன செய்ய என்று கேட்பார்கள். இதில் பாதி உண்மை. இலங்கையில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தகுதி பெறுவோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கே அரச பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கிறது. நாடளாவிய திறமை அடிப்படையில் 40 வீதம், மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்ப 55 வீதம், கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கு 5 வீதம் என்று இடங்கள் பிரிகின்றன. கொழும்பு மாவட்டத்தில் போட்டி கடுமை. மருத்துவத்துக்கான வெட்டுப்புள்ளி உயரத்தில் நிற்கும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள பாடசாலைகளில் உயிரியல் பிரிவில் படித்து, வேறொரு மாவட்டமாக இருந்தால் மருத்துவ பீடத்துக்குப் போயிருக்கக்கூடிய இசட் புள்ளியோடு வாசலில் நின்றுவிடும் பிள்ளைகள் ஆண்டுதோறும் உண்டு. வெளிநாடு போகிறவர்கள் எல்லாரும் திறமை குறைந்தவர்கள் என்ற பேச்சு அவர்களுக்குச் செய்யும் அநீதி. ஆள்சேர்ப்பின் தரம் பற்றிய வாதம் நியாயமானதென்றால், அதற்கும் விடை எண்தான்: சேர்த்துக்கொண்ட பிள்ளைகளின் உயர்தரப் பெறுபேறுகளைப் பொதுவாக, பெயர் இல்லாமல், அதே அட்டவணையில் போடுங்கள். 2018இல் வர்த்தமானியில் வந்த குறைந்தபட்சத் தர விதிகள் உயிரியல், இரசாயனம், பௌதிகம் ஆகிய மூன்றில் இரண்டு திறமைச் சித்தியும் ஒரு சாதாரண சித்தியும் வேண்டும் என்ற எல்லையை வைத்திருக்கின்றன. அந்த எல்லையை மயிரிழையில் தாண்டியவர்களையே பெரும்பாலும் சேர்க்கும் கல்லூரியையும், அதற்கு மிக மேலே உள்ளவர்களைச் சேர்க்கும் கல்லூரியையும் அப்போது பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒரு மாணவரால் ஆறு ஆண்டில் இந்தப் பாடத்தைத் தாங்க முடியாது என்று முதலாம் நாளே தெரிந்தும் ஆறு ஆண்டுக் கட்டணத்தை வாங்குபவர், பின்னர் குறையைப் பிள்ளையின் மேல் போடுவது அறமாகாது.

பெற்றோர் எல்லாம் அறிந்தே முடிவெடுக்கிறார்கள், வளர்ந்தவர்களின் தெரிவில் அரசு ஏன் தலையிட வேண்டும் என்பாரும் உண்டு. எதை அறிந்து? 2022 மார்ச்சுக்கு முன் ஒரு டொலர் இருநூறு ரூபாவை ஒட்டி நின்றது. மே மாதத்தில் முந்நூற்று அறுபதை எட்டியது. டொலரில் கட்டணம் கட்டிக்கொண்டிருந்த குடும்பங்களின் செலவு ஒரே பருவத்தில் முக்கால் மடங்கு கூடியது. யாழ்ப்பாணத்துக் காணியை விற்றவர்களும், லண்டனிலும் டொரண்டோவிலும் உள்ள சகோதரரிடம் கைநீட்டியவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அதற்கு முன் இன்னொரு அடி: 2020 மார்ச்சில் சீனா தன் எல்லையை மூடியபோது அங்கே மருத்துவம் படித்துக்கொண்டிருந்த வெளிநாட்டு மாணவர்கள், வைத்தியசாலை வாட்டில் நோயாளியருகே நிற்க வேண்டிய ஆண்டுகளை வீட்டில் கணினித் திரையின்முன் கழித்தார்கள். எல்லை மீண்டும் திறக்க இரண்டு ஆண்டுக்கு மேல் ஆனது. அந்த அணியினருக்கு ஏற்பட்ட பாதிப்பு எவ்வளவு, அதைப் பல்கலைக்கழகம் பின்னர் ஈடுசெய்ததா இல்லையா என்பது அணிவாரியான எண்ணில்தான் தெரியும். ஒவ்வொரு பரீட்சை அமர்விலும் எத்தனை வீதம் என்ற எண் இதற்கு உதவாது. அதில் முதல்முறை தோற்றுபவரும் ஐந்தாம்முறை தோற்றுபவரும் கலந்து கிடப்பார்கள். மீளத் தோற்றுவோர் தேங்கத் தேங்க வீதம் இறங்கும், இறுதியில் சித்தியடைந்தவர் எத்தனை பேர் என்பது மறைந்துபோகும். ஆகவே வேண்டியது இந்த ஆண்டில் சேர்ந்த இந்த அணி, முதல் தடவையில் இத்தனை பேர், இரண்டு ஆண்டுக்குள் இத்தனை பேர் என்ற கணக்கு. மாணவர் தொகை சிறிதாக உள்ள கல்லூரிகளுக்கு நான்கு ஆண்டுகளைச் சேர்த்துக் கூட்டலாம். ஓரிருவரின் தோல்வி ஒரு கல்லூரியின் பெயரைக் கெடுத்துவிடாது, எந்தத் தனி மாணவரும் அடையாளம் காணப்படவும் மாட்டார்.

இவை எல்லாவற்றிலும் நான் மிகவும் மதிக்கும் மறுப்பு வேறொன்று. பரீட்சையே நியாயமானதா என்று வெளிநாட்டுப் பட்டதாரிகள் கேட்கிறார்கள். உள்நாட்டு மருத்துவ பீடத்து மாணவர் தன் பேராசிரியரிடமே பரீட்சை எழுதிப் பதிவு பெறுகிறார். நாங்கள் மட்டும் தனிப் பரீட்சை ஒன்றைத் தாண்ட வேண்டும். அது எங்களைத் தடுத்துநிறுத்தும் சுவராக வைக்கப்பட்டிருந்தால் எங்கள் கல்லூரிகளின் எண்கள் எதைக் காட்டும் என்பது அவர்கள் கேள்வி. அந்தக் கேள்வியை ஒதுக்கக்கூடாது. ரஷ்ய மொழி பேசும் நோயாளியிடம் நோய் வரலாறு கேட்டுப் பழகியவர், கொழும்பில் சிங்களமோ தமிழோ பேசும் நோயாளியைப் பரிசோதித்து, கண்டதை ஆங்கிலத்தில் பரீட்சகருக்குச் சொல்ல வேண்டும். டெங்குக் காய்ச்சலில் குருதித் திரவம் கசியத் தொடங்கும் கட்டத்தைப் பாடப்புத்தகத்தில் மட்டும் படித்தவருக்கும், மழைக்காலத்து வாட்டில் மணிக்கணக்கில் நின்று பார்த்தவருக்கும் உள்ள வித்தியாசம் அந்த அறையில் உடனே தெரியும். அந்த வித்தியாசத்தைப் பரீட்சை சோதிப்பது சரிதான். நோயாளியின் உயிர் அதில் தங்கியிருக்கிறது. ஆனால் பரீட்சை நியாயமாகத்தான் நடக்கிறதா என்பதை அறியவும் இதே எண்கள்தாம் வேண்டும். ஒரே கல்லூரியின் பட்டதாரிகள் ஒரு ஆண்டில் நன்றாகவும் அடுத்த ஆண்டில் மிக மோசமாகவும் செய்தால் கேள்வித்தாளைப் பரிசீலிக்கலாம். எழுத்துப் பகுதியில் சித்தியடைபவர்கள் நோயாளிப் பகுதியில் மட்டும் தொடர்ந்து விழுந்தால், பயிற்சியில் குறையா, பரீட்சகரின் அளவுகோலில் குறையா என்று ஆராயலாம். எண்கள் பூட்டிய அலுமாரிக்குள் இருக்கும்வரை இரு தரப்பும் ஒருவரையொருவர் சந்தேகிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அந்தச் சந்தேகத்தின் விலையை நாடு ஒருமுறை கொடுத்துவிட்டது. மாலபேயில் தனியார் மருத்துவக் கல்லூரியாக நடந்த சைட்டம் பற்றிய சண்டை ஆண்டுக்கணக்கில் வீதியில் நடந்தது. 2017 ஜனவரி 31இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதன் பட்டதாரிக்குத் தற்காலிகப் பதிவு வழங்கும்படி மருத்துவ சபைக்குக் கட்டளையிட்டது. அதன்பின் வேலைநிறுத்தங்கள், கண்ணீர்ப்புகை, பல மாதம் மூடிக்கிடந்த அரச மருத்துவ பீடங்கள். அந்த ஆண்டின் இறுதியில் நிறுவனத்தை ஒழிப்பதாக அரசு அறிவித்தது. மாணவர்கள் பின்னர் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றப்பட்டார்கள். இலவசக் கல்விக்கு ஆபத்து என்று ஒரு பக்கம், கற்கும் உரிமை என்று மறு பக்கம். இரு பக்கத்திலும் உண்மையான கவலைகள் இருந்தன. ஆனால் அத்தனை பேச்சிலும் மையத்தில் நின்றிருக்க வேண்டிய கேள்வி, அங்கே படித்து முடித்தவர் ஒரு பொதுப் பரீட்சையில் அரச பீட மாணவரோடு ஒப்பிட எப்படிச் செய்கிறார் என்பது. ஒரே பரீட்சையில் இரு தரப்பாரும் தோற்றி முடிவு பகிரங்கமாகியிருந்தால் அந்தப் பிள்ளைகளின் இளமை அப்படி வீணாகியிருக்காது. அதன் விளைவாக வந்த 2018இன் தர விதிகள் பெரும்பாலும் உள்ளே என்ன இருக்க வேண்டும் என்பதைப் பேசுகின்றன: ஆசிரியர், பாடத்திட்டம், பயிற்சிக்கான வைத்தியசாலை. வெளியே வந்தவர் என்ன ஆனார் என்ற கேள்விக்கு இன்னும் ஒரு வெற்றிடம். உள்நாட்டு மருத்துவ பீடங்களையும் இதே ஒழுங்குக்குள் கொண்டுவருவது நல்லது. யாழ்ப்பாணமோ மட்டக்களப்போ கொழும்போ, தாமதமின்றிப் படித்து முடிப்போர் வீதத்தைச் சொல்ல எந்த அரச பீடமும் தயங்கத் தேவையில்லை.

பரீட்சையை மையமாக வைத்தால் கல்லூரிகள் பரீட்சைக்கு மட்டும் பயிற்றுவிக்கும் என்ற அச்சம் எனக்கும் உண்டு. நம் பிள்ளைகளை டியூட்டரிக் கலாசாரம் என்ன செய்திருக்கிறது என்பது நமக்குத் தெரியும். ஆனால் இங்கே பேசப்படும் பரீட்சையில் நோயாளி முன்னே படுத்திருக்கிறார். அதற்குப் பயிற்றுவிப்பதென்றால் மாணவரை வாட்டுக்குக் கூட்டிப்போகத்தான் வேண்டும்.

செய்யப் பெரிய சட்டம் எதுவும் தேவையில்லை. உள்நாட்டில் பட்டம் வழங்கும் தனியார் நிறுவனங்கள் 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் 25அ பிரிவின் கீழ் அங்கீகாரம் பெறுகின்றன. அங்கீகாரத்தின் நிபந்தனையாக இந்த இரண்டு எண்களையும் சேர்க்கலாம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு ஆள் சேர்க்கும் முகவர், விளம்பரத்தில் வைத்தியராகலாம் என்று சொன்னால், அந்தப் பல்கலைக்கழகத்தின் இலங்கை மாணவர் பற்றிய எண்களையும் அதே அளவு எழுத்தில் போட வேண்டும் என்று விதிக்கலாம். தவறாக வழிநடத்தும் விளம்பரத்தைத் தடுக்க 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. தாதியர், கணக்காளர், சட்டத்தரணி ஆகியோரை உருவாக்குவதாகச் சொல்லும் நிலையங்களுக்கும் இதே ஒழுங்கு பொருந்தும். வெளிநாட்டுச் சட்டப் பட்டத்தை எடுத்துவிட்டுப் புதுக்கடைச் சட்டக் கல்லூரியின் வாசலில் இன்னும் பரீட்சைகள் காத்திருப்பதை அறிந்து திகைக்கும் இளைஞரும் உண்டு.

அரசு அசையும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. நொரிஸ் கெனல் வீதியில் உள்ள இலங்கை மருத்துவ சபை சட்டத்தால் அமைக்கப்பட்ட நிறுவனம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரசையும், காரணம் சொல்லாமல், தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். கடந்த ஐந்து ஆண்டுகளில் ஈ.ஆர்.பி.எம். பரீட்சைக்கு முதல் தடவை தோற்றியவர் எத்தனை பேர், அவர்களில் சித்தியடைந்தவர் எத்தனை பேர், பட்டம் வழங்கிய பல்கலைக்கழகவாரியாகத் தருக, பகுதிவாரியாகவும் தருக. பெயர் வேண்டாம், சுட்டெண் வேண்டாம், தொகை மட்டும் போதும். தொகை என்பது எவருடைய தனிப்பட்ட தகவலும் ஆகாது. பதினான்கு வேலை நாளுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் முறையிடலாம், அங்கும் கிடைக்காவிட்டால் தகவலறியும் உரிமை ஆணைக்குழு இருக்கிறது. பெற்றோர் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் குறைவில்லை. அடுத்த உயர்தரப் பெறுபேறு வருவதற்கு முன் அவற்றுள் ஒன்று இந்த விண்ணப்பத்தை அனுப்பி, கிடைக்கும் அட்டவணையைத் தன் பாடசாலையின் அறிவித்தல் பலகையில் ஒட்டலாம்.